நீச்சல் குளத்தில் துணி துவைப்போர்

தம்பி!

கடற்கரை ஓரத்திலே ஒரு நீச்சல் குளம். சாதாரணக் குளமல்ல, உலகப் பந்தயங்களுக்கென்று வெட்டுவார்களே, அந்த அளவிலே வெட்டப்பட்ட குளம்! ஒரு காலத்தில் அதன் நீர் பளிங்குபோலத் தெளிந்திருந்தது. கரையிலே சாய்வு நாற்காலிகள். அவற்றிலே வெள்ளைத் துரைமார்களும் அவர்தம் சீமாட்டிகளும். கையிலே கோப்பை, கண்ணிலே களிப்பு, காதிலே இசை!

பின்னாளில் அதே குளத்திலே நீர் தேங்கிப் பாசி பிடித்தது. கரையிலே குந்தியபடி பெண்கள் துணி துவைக்கின்றனர். பிள்ளைகள் குதித்துக் கும்மாளம் போடுகின்றனர். எதிரே, கரைதட்டிய கப்பல்போல ஒரு பெருங்கட்டடம். கதவு இல்லை, சன்னலில் கண்ணாடி இல்லை, மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை. சுவர் வெடிப்பிலே செடி முளைத்திருக்கிறது. துரைமார்கள் கடல் பார்த்து நின்ற மாடி முகப்பிலே குழந்தையின் கந்தல் சட்டை காய்கிறது.

வந்து பார்த்துப் படம் பிடித்துப் போகும் கனவான்கள் 'உச்' கொட்டுகின்றனர். "அடடா! எப்பேர்ப்பட்ட மாளிகை! இந்தக் கூட்டம் புகுந்து குட்டிச்சுவராக்கிவிட்டதே!" என்று பெருமூச்செறிகின்றனர்.

அழகான கட்டடம் அழிந்தால் எனக்கும் வருத்தந்தான், தம்பி. ஆனால் கண்ணீர் விடுமுன் கணக்குக் கேட்க வேண்டாமா? இந்த மாளிகையைக் கட்டியவர் யார்? யாருக்காகக் கட்டினார்? யார் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்? விருந்தினர் போனபின் குடிவந்தாரே, அவர் ஏன் வந்தார்? இத்தனையும் கேட்டறிந்த பிறகு, யாருக்காக அழுவது என்று முடிவு செய்வோம்.

ஊரின் பெயர் பெய்ரா. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலே, இந்தியப் பெருங்கடலை நோக்கி நிற்கும் மொசாம்பிக் நாட்டின் துறைமுக நகரம். அந்தக் கரை நமக்கு முற்றிலும் அன்னியமானதல்ல. 1498-ல் வாஸ்கோ டி காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தானே, வருகிற வழியில் அவனுடைய கப்பல்கள் தங்கிய கரை மொசாம்பிக் கரை. இந்தியாவிலே கோவாவில் கால் பரப்பி அமர்ந்து, 1961 டிசம்பரில் வெளியேற்றப்படும் வரை அசைய மறுத்த அதே போர்ச்சுகல்தான் அங்கேயும் எசமான். ஊருக்கு வைத்த பெயர்கூட அந்த நாட்டு அரச குடும்பத்தின் இளவரசுப் பட்டப் பெயர்!

1887-ல் புங்வே ஆறு கடலில் கலக்கும் இடத்திலே, தாழ்ந்த சதுப்பு நிலத்திலே, போர்ச்சுகீசியப் படை முகாம் ஒன்று அமைந்தது. அதுதான் பெய்ராவின் பிறப்பு. பிறந்த குழந்தையை வளர்க்கும் பொறுப்பை லிஸ்பன் அரசு யாரிடம் ஒப்படைத்தது தெரியுமா? ஒரு கம்பெனியிடம்! 1891-ல் மொசாம்பிக் கம்பெனிக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்துவிட்டது. வரி விதிப்பதும் கம்பெனி. காவல் நடத்துவதும் கம்பெனி. அஞ்சல் தலை அச்சிடுவதும் கம்பெனி! கிழக்கிந்தியக் கம்பெனியின் கதை படித்த நமக்கு இது விளக்கம் தேவையில்லாத பாடம். 1942 வரை, அரை நூற்றாண்டுக் காலம், பெய்ராவும் அதைச் சூழ்ந்த பெருநிலமும் பங்குதாரர்களின் இலாபக் கணக்குக்கு உட்பட்ட பண்ணையாக இருந்தன.

துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு இருப்புப்பாதை போட்டார்கள். பாதை எங்கே போயிற்று? கடற்கரையே இல்லாத ரொடீஷியாவுக்கு, இன்றைய சிம்பாப்வேக்கு. அங்கிருந்து சரக்கு வந்தது. சரக்கோடு சேர்ந்து வெள்ளைக்காரக் குடும்பங்களும் வந்தன, விடுமுறையைக் கடற்கரையிலே கழிக்க. மணல் இருக்கிறது, அலை இருக்கிறது, குறைந்த கூலிக்குப் பணியாள் இருக்கிறான். குறை ஒன்றுதான்: துரைமார்கள் தகுதிக்கேற்ற மாளிகை ஓட்டல் இல்லை!

அந்த ஊரிலே வேறு குறை ஏதும் இல்லையா என்று கேட்பாய். கேள் தம்பி, சொல்கிறேன்.

மொசாம்பிக்கின் நகரங்களை அந்நாட்டாரே இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். ஒன்று, 'சிமெண்ட் ஊர்'. இன்னொன்று, 'நாணல் ஊர்'. சிமெண்ட் ஊரிலே அகன்ற சாலை, மின்விளக்கு, குழாய் நீர், பூங்கா. நாணல் ஊரிலே நாணலும் மண்ணும் தகரமும் கொண்டு கட்டிய குடிசை. மழை பெய்தால் முழங்கால் அளவு நீர். சிமெண்ட் ஊர் வெள்ளையருக்கு. நாணல் ஊர் அந்த மண்ணின் மக்களுக்கு. பகலிலே நாணல் ஊர் நடந்து வந்து சிமெண்ட் ஊரைக் கூட்டிப் பெருக்கும், துவைத்துப் போடும், மூட்டை சுமக்கும். இரவிலே திரும்பி நடந்து போய் ஈரத் தரையிலே படுக்கும்.

இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தார்கள். மக்களை 'சுதேசி' என்றும் 'நாகரிகம் பெற்றவர்' என்றும் பிரித்தது போர்ச்சுகீசியச் சட்டம். ஒரு கறுப்பு மனிதன் நாகரிகம் பெற்றவனாக வேண்டுமானால் விண்ணப்பிக்க வேண்டும்! போர்ச்சுகீசிய மொழி பேசுகிறானா, அவர்களைப்போல வாழ்கிறானா என்று சோதித்துச் சான்றிதழ் தருவார்கள். சொந்த மண்ணிலே மனிதன் என்று ஒப்புக்கொள்ளப்பட அன்னியனிடம் தேர்வு எழுத வேண்டும்! 1950-ல் மொசாம்பிக்கின் மக்கள் தொகை ஏறத்தாழ 57 லட்சம். அந்தத் தேர்விலே தேறிய ஆப்பிரிக்கர் எத்தனை பேர்? ஐயாயிரம்கூட இல்லை!

தேறாதவனுக்கு என்ன கதி? 'ஷிபாலோ' என்று ஒரு முறை இருந்தது. சாலை போடவும், தோட்டத்தில் உழைக்கவும், துறைமுகத்தில் சுமக்கவும் ஆளைப் பிடித்துக்கொண்டு போகும் கட்டாய வேலை. அதோடு, 1938 முதல் குடியானவர் தம் நிலத்திலே பருத்தி விளைவித்தே தீரவேண்டும், குறித்த விலைக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் வேறு. வயிற்றுக்குச் சோளம் விதைக்க வேண்டிய நிலத்திலே லிஸ்பன் ஆலைகளுக்குப் பஞ்சு விளைந்தது. பஞ்சு விளைந்த வீட்டிலே பட்டினி விளைந்தது.

இப்படிப்பட்ட ஊரிலே, இப்படிப்பட்ட காலத்திலேதான், கம்பெனிக்காரர் கண்ட கனவாக எழுந்தது கிராண்ட் ஓட்டல்!

ஜோசே போர்ட்டோ என்ற போர்ச்சுகீசியக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். பிரான்சிஸ்கோ டி காஸ்ட்ரோ என்பவர் அந்தப் பணியைத் தொடர்ந்தார். 1950-களின் நடுவிலே வாயில் திறக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட அறைகள். வளைந்து வளைந்து ஏறும் படிக்கட்டு. நடன மண்டபம், உணவு மண்டபம், மின்தூக்கி. கால் பட்டால் வழுக்கும் மரப் பலகைத் தரை. வெளியே அந்த நீச்சல் குளம். போட்ட மதிப்பீட்டைக் காட்டிலும் செலவு பல மடங்கு ஏறிற்று. ஏறினால் என்ன? 'ஆப்பிரிக்காவின் பெருமை' என்று பட்டம் சூட்டிக்கொண்டார்கள்.

யாருடைய பெருமை? ஆப்பிரிக்காவின் பெருமையிலே ஆப்பிரிக்கன் எங்கே இருந்தான்? அடுப்படியில் இருந்தான். சலவை அறையில் இருந்தான். பெட்டி தூக்கும் இடத்தில் இருந்தான். வெள்ளைக் கையுறை மாட்டி, தட்டு ஏந்தி, குனிந்து நிற்கும் வரிசையில் இருந்தான். மெத்தையை உதறிப் போட்டவன் அவன். அந்த மெத்தையின் மென்மையை அவன் உள்ளங்கை மட்டுமே அறியும்!

சரி, வந்தார்களா விருந்தினர்?

இங்கேதான் வேடிக்கை, தம்பி! விளக்கு எரிந்தது, விருந்தினர் வரவில்லை. மேளம் முழங்கிற்று, ஆடுவோர் இல்லை. அறைகள் அதிகம், அவற்றுக்கு வாடகை கொடுக்க வல்ல செல்வர்கள் குறைவு. சூதாட்டக் கூடம் நடத்த லிஸ்பன் இசைவு தராததுதான் தோல்விக்குக் காரணம் என்று சொல்வோர் பலர். ஆளும் சர்வாதிகாரி சலசார் சூதாட்டத்தை வெறுத்தாராம்! மக்களைப் பிடித்துக் கட்டாய வேலை வாங்கலாம், அது பாவமல்ல. சீட்டாடினால் மட்டும் ஒழுக்கம் கெட்டுவிடும் போலும்! அது எப்படியாயினும், அடிப்படைக் காரணம் எளிமையானது. ஊரிலே ஆயிரக்கணக்கானோர் வீடின்றித் தவிக்க, எங்கோ இருக்கிற ஒரு சிலரை நம்பி மாளிகை எழுப்பியவர்கள் கணக்குத் தவறினார்கள்.

1963-ல் ஓட்டல் மூடப்பட்டது. பத்து ஆண்டுகூட நிறையவில்லை!

மூடிய பிறகும் நீச்சல் குளம் மட்டும் இயங்கிற்று. நீச்சல் வீரர்கள் அங்கே பயிற்சி பெற்றனர். மண்டபத்திலே எப்போதாவது ஒரு விழா நடந்தது. மற்றபடி அறைகள் பூட்டியே கிடந்தன. எண்ணிப் பார், தம்பி! சில கல் தொலைவிலே நாணல் ஊர் மழை நீரிலே மிதக்கிறது. இங்கே நூறு அறைகள், கூரையோடு, குழாயோடு, படுக்கையோடு, ஆளில்லாமல் கடற்காற்று வாங்குகின்றன. அந்தக் கொடுமையைக் கண்டு 'உச்' கொட்டிய கனவான் எவராவது உண்டா? காலி மாளிகையும் கந்தல் குடிசையும் அருகருகே நின்றபோது, அது அவர்கள் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்தது. குடிசைக்காரன் மாளிகைக்குள் நுழைந்த பிறகுதான் ஒழுங்கு கெட்டதாகத் தோன்றிற்று!

1964-ல் மொசாம்பிக் விடுதலை முன்னணி, பிரலிமோ, ஆயுதம் ஏந்திற்று. பத்தாண்டுக் காலப் போர். 1974 ஏப்ரலில் லிஸ்பனிலேயே படைவீரர்கள் கிளர்ந்தெழுந்து சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தனர். 1975 ஜூன் 25-ல் மொசாம்பிக் விடுதலை பெற்றது. வெள்ளையரில் மிகப் பெரும்பாலோர் மூட்டை கட்டிப் புறப்பட்டனர். 1976 பிப்ரவரியில், வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் யாவும் நாட்டுடைமை என்று புதிய அரசு அறிவித்தது. நாணல் ஊர் மக்கள் சிமெண்ட் ஊருக்குள் குடிபுகுந்தனர்; சொந்த நாட்டு நகரத்தின் படிக்கட்டிலே முதல் முறையாக உரிமையோடு ஏறினர்.

ஆனால் கிராண்ட் ஓட்டலுக்கு வாய்த்ததோ வேறு பயன். புதிய ஆட்சியினர் அதைத் தம் அலுவல்களுக்கு எடுத்துக்கொண்டனர். மேலே கட்சிக் கூட்டங்கள். கீழே, நிலவறையிலே, சிறை! அரசியலில் மாறுபட்டவர்களை அங்கே அடைத்து வைத்தனர்.

இதை நான் மறைக்க விரும்பவில்லை. விடுதலை இயக்கத்தின்மீது அன்பு கொண்டவன் என்பதாலேயே சொல்கிறேன். அன்னியன் கட்டிய மாளிகையிலே அன்னியனே கட்டாத சிறையை நம்மவர் கட்டினால், அதற்கு என்ன பெயர் வைப்பது? கொடி மாறினால் போதாது, தம்பி. கொடிக்குக் கீழே இருக்கும் பூட்டும் திறக்கப்பட வேண்டும்.

பிறகு வந்தது பெருங்கொடுமை. ரொடீஷிய வெள்ளை ஆட்சியும், அதன் பின்னர் தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியும் ஊட்டி வளர்த்த ரெனாமோ படைக்கும், பிரலிமோ அரசுக்கும் உள்நாட்டுப் போர். 1977-ல் தொடங்கியது, 1992 அக்டோபரில் ரோம் நகரிலே உடன்பாடு கையெழுத்தாகும் வரை ஓயவில்லை. போரிலும் பஞ்சத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டனர். ஊர்கள் எரிந்தன. உயிர் பிழைத்தவர்கள் நகரம் நோக்கி ஓடினர். பெய்ராவுக்கு வந்து சேர்ந்தவன் கண்டது என்ன? கூரையுள்ள ஒரு பெருங்கட்டடம். கதவு தட்டினான். பதில் சொல்ல ஆளில்லை. உள்ளே நுழைந்தான்.

அவன் கையிலே சாவியில்லை. முன்பணம் இல்லை. பெட்டி தூக்க ஆளில்லை. ஆனால் 'ஆப்பிரிக்காவின் பெருமை' என்ற பெயர்ப் பலகை அன்றைக்குத்தான் பொருள் பெற்றது. முதன் முதலாக, ஆப்பிரிக்கன் அங்கே விருந்தினனாக அல்ல, குடியிருப்பவனாக நுழைந்தான்!

இனிதான் குற்றச்சாட்டு. "மரத் தரையைப் பெயர்த்தார்கள்! குளியல் தொட்டியை விற்றார்கள்! கம்பியை உருவினார்கள்! மின்தூக்கியையே கழற்றினார்கள்!"

உண்மைதான். மறுக்கவில்லை. மரத் தரையைப் பெயர்த்து அடுப்பு எரித்தார்கள். அடுப்பிலே என்ன வெந்தது? பிள்ளைக்குக் கஞ்சி வெந்தது. குளியல் தொட்டியை விற்றார்கள். வந்த காசு ஒரு வாரத்து உணவாயிற்று. குழாயிலே நீர் வராத வீட்டிலே தொட்டி எதற்கு? மின்சாரமே இல்லாத சுவரிலே கம்பி எதற்கு? நடனமாட வழவழப்பான தரை வேண்டும். பசித்தவனுக்கு விறகு வேண்டும். அந்த மரம் எந்தக் காட்டிலே வெட்டப்பட்டது, வெட்டியவனுக்கு என்ன கூலி கிடைத்தது என்று கேட்காதவர்கள், எரித்தவனை மட்டும் கொள்ளைக்காரன் என்கிறார்கள். ஒரு தேசத்தையே அரை நூற்றாண்டு பட்டயம் எழுதிக் கம்பெனிக்கு விற்றவன் கனவான். ஒரு பலகையைப் பெயர்த்தவன் கள்வன்! நல்ல நீதி!

அதற்காக, அங்கே வாழும் வாழ்வு இனியது என்று சொல்வேனா? மாட்டேன். ஏழ்மையைக் காவியமாக்குவது எனக்கு உடன்பாடல்ல. ஆயிரத்துக்குக் குறையாமல், சில காலங்களில் மூவாயிரத்துக்கும் மேலாகவே மக்கள் அங்கே வாழ்ந்ததாக மதிப்பிடுகிறார்கள். குழாய் நீர் இல்லை, கழிவுநீர் போக வழியில்லை. மின்தூக்கி இருந்த இடத்திலே பாதாளக் கிணறுபோல் ஓட்டை. இருட்டில் கால் தவறியவர்கள் உண்டு. வெயில் நுழையாத தாழ்வாரங்கள். குப்பை மலை. நோய். அறையைத் தன்னதாக்கிக்கொண்டு பிறருக்கு வாடகைக்கு விடும் ஆசாமியும் உள்ளே முளைத்துவிட்டான். ஏழை கூடினால் எல்லாம் சமமாகிவிடும் என்று எண்ணாதே. சமத்துவம் தானாக முளைக்கும் பயிரல்ல.

ஆயினும் அங்கே வாழ்வு நடக்கிறது. வாயிலிலே காய்கறிக் கடை விரிக்கிறார்கள். பூசல் வந்தால் தீர்த்து வைக்கத் தங்களுக்குள்ளே ஒரு தலைவரைத் தேர்ந்துகொள்கிறார்கள். திருமணம் நடக்கிறது. பிள்ளை பிறக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து, அங்கேயே ஒரு பிள்ளைக்குத் தாயாகிறது. விருந்தினருக்கென்று கட்டிய வீடு அவர்களை வைத்திருந்தது பத்தாண்டுக்கும் குறைவு. வீடற்றவர் வைத்திருப்பதோ நாற்பது ஆண்டுக்கு மேல்!

லிசினியோ அசெவெடோ என்ற இயக்குநர் 2007-ல் இந்தக் கட்டடத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அதற்கு வைத்த பெயர் 'இரவின் விருந்தினர்'. அதிலே, ஓட்டல் சிறப்போடு இருந்த நாளிலே அங்கே வேலை பார்த்த இரு முதியவர்கள் திரும்பி வந்து, இருண்ட கூடங்களிலே நடந்து பார்க்கிறார்கள். எண்ணிப் பார்க்கிறேன், தம்பி. துடைத்துப் பளபளப்பாக்கிய தரை மறைந்தது கண்டு அந்த உள்ளங்கள் நொந்திருக்கும். உழைத்தவனுக்குத்தான் பொருளின் அருமை தெரியும். அவர்கள் வருத்தத்துக்கு நான் தலை வணங்குகிறேன். படம் பிடித்துப் போகிறவனின் 'உச்' ஒலிக்குத்தான் வணங்க மாட்டேன்.

2019 மார்ச் 14 இரவு. இடாய் என்ற பெரும்புயல் பெய்ராவைத் தாக்கிற்று. நகரத்தின் மிகப் பெரும்பகுதி சேதமுற்றது. மொசாம்பிக்கிலே மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தகரக் கூரைகள் தாள்போலப் பறந்தன. தாழ்ந்த குடியிருப்புகள் நீரிலே மூழ்கின. மறுநாள் பார்த்தால், கதவில்லாத, சன்னலில்லாத, குற்றுயிராகக் கிடந்த அந்தக் கிழட்டு ஓட்டல் நின்றுகொண்டிருந்தது! கம்பெனிக்காரன் கலந்த கான்கிரீட் கெட்டியானது என்று பாராட்டலாம். நான் வேறொன்று கேட்கிறேன். அத்தனை கெட்டியான கூரை போட ஒரு நாட்டுக்குத் தெரிந்திருந்தது. சதுப்பு நிலத்திலே ஆழ அடித்தளம் போடத் தெரிந்திருந்தது. பொருளும் இருந்தது, பொறியியலும் இருந்தது. அந்தக் கூரையில் நூறில் ஒரு பங்கு உறுதி நாணல் ஊரின் குடிசைக்கு ஏன் கிட்டவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல், "கட்டடத்தைக் காப்போம், குடியிருப்போரை வெளியேற்றுவோம்" என்று யாரேனும் புறப்படுவாரானால், அவரிடம் சொல்: முதலில் வீடு. பிறகு வெளியேற்றம். நீர் வரும் குழாயோடு, புயலுக்கு அஞ்சாத கூரையோடு, வேலைக்கு நடந்து போகும் தொலைவிலே வீடு கட்டிக் கொடுங்கள். கொடுத்தால், அந்தப் பாழடைந்த அறையைப் பற்றிக்கொண்டு யாரும் இருக்கப் போவதில்லை. எந்தத் தாய்க்கு, பிள்ளை தவறி விழும் பள்ளத்தின் ஓரத்திலே படுக்கை விரிக்க ஆசை? கொடுக்காமல் விரட்டினால், நீங்கள் காப்பது கட்டடத்தை அல்ல. அன்றைய வாயிற்காவலனின் தடியை!

பெய்ராவுக்குப் போக நமக்கு வாய்ப்பில்லாமல் போகலாம், தம்பி. ஆனால் எந்த ஊரிலும் பழைய மாளிகை ஒன்று பாழாகிக் கிடக்கக் கண்டால், சுவரின் அழகை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே. அதற்கு நேர் எதிரே, மாளிகை வாழ்ந்த காலத்திலே, குடிசை எங்கே நின்றது என்று தேடிப் பார். அங்கே இருந்தவன் இப்போது எங்கே படுக்கிறான் என்று கேள். அந்த விடை கிடைத்த பிறகு அழ வேண்டுமென்று தோன்றினால் அழு. நானும் உன்னோடு சேர்ந்து அழுகிறேன்.

அதுவரை, குளக்கரையிலே துணி துவைக்கும் அந்தத் தாயைக் குறை சொல்லாதே. அந்தக் குளம் வெட்டப்பட்ட நாள் முதல், உழைத்துக் களைத்தவரின் அழுக்கைப் போக்க அது பயன்படுவது இப்போதுதான்!